இழுவைப் பாதை: பிரெஞ்சுக் கால்வாய்க் கரையின் சரளைத் தடமும் அதை மிதித்தவர்களும்

பிரான்சில் பொதுச் சொத்துகளை ஆளும் சட்டத்தொகுப்பில் ஆற்றங்கரை நிலம் பற்றி ஒரு பிரிவு உண்டு. படகு இழுக்கும் பாதை உள்ள கரையில் நிலம் வைத்திருப்பவர், நீரோரமாக 7.80 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். அதே கரையில் 9.75 மீட்டருக்குள் மரம் நடவோ வேலி எழுப்பவோ கூடாது. எதிர்க்கரையில் 3.25 மீட்டர் விட்டால் போதும். மீட்டர் அளவையை உலகுக்குத் தந்த நாடு, தன் சட்டத்தில் எட்டு, பத்து, மூன்று என்று முழு எண்களை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏனெனில் இவை மீட்டரில் பிறந்த எண்கள் அல்ல. புரட்சிக்கு முந்திய அரசனின் அடி ஏறத்தாழ 32.48 சென்டிமீட்டர். 24 அடி, 30 அடி, 10 அடி ஆகியவற்றை அந்தக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் 7.80, 9.75, 3.25 ஆகியவை அப்படியே கிடைக்கின்றன.

இந்த மூன்று அடிக்கணக்கும் 1669 ஆகஸ்டில் 14ஆம் லூயியின் பெயரில் வெளியான நீர்நிலை, காடு பற்றிய ஆணையில் உள்ளவை. ஆணையின் பின்னே நின்றவர் நிதியையும் கப்பற்படையையும் கவனித்த கோல்பேர். படகுகள் எந்தக் கரையிலிருந்து இழுக்கப்படுகின்றனவோ அந்தக் கரையில் அரச வழிக்கும் குதிரைகளின் நடைக்கும் 24 அடி; மரமும் வேலியும் 30 அடிக்கு அப்பால்; மறுகரையில் 10 அடி. மீறினால் 500 லிவ்ர் தண்டம், மரங்கள் பறிமுதல். அரசு மாறியது, அளவை மாறியது, சட்டத்தொகுப்பின் பெயரே பலமுறை மாறியது. எழுத்தர்கள் எண்களை மட்டும் புதிய அலகுக்குப் பெயர்த்து வைத்துக்கொண்டார்கள். ஒரு மொழியில் வழக்கொழிந்த வேற்றுமையுருபு ஏதோ ஒரு தொடரில் மட்டும் ஒட்டிக்கொண்டு பிழைத்திருப்பதைப் போன்றது இது.

இன்று அந்த 24 அடியின் பயனை அதிகம் துய்ப்பவர்கள் சைக்கிள் ஓட்டிகள். பிரான்சின் ஆறுகளையும் கால்வாய்களையும் ஒட்டி மோட்டார் வண்டி நுழையாத சரளைத் தடங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்கின்றன. தடித்த டயர் போட்ட வண்டிகளில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்து அவற்றில் ஓட்டுகிறார்கள். விளம்பர ஏடுகள் இத்தடங்களை இயற்கையின் மடியில் கிடக்கும் அமைதி வழிகள் என்று வருணிக்கின்றன. அமைதி உண்மைதான். இயற்கை என்பதுதான் பொருந்தவில்லை. இவை ஒரு காலத்தில் பிரான்சின் மிக நெரிசலான சரக்கு வழிகள். இன்றைய வெறுமை, அந்தப் போக்குவரத்து செத்தபின் எஞ்சியது.

பிரெஞ்சில் இந்தப் பாதைக்குப் பெயர் ஷெமேன் த ஆலாஜ். ஷெமேன் என்றால் வழி. ஆலாஜ் என்பது கயிறு கட்டி இழுக்கும் தொழில். ஆங்கிலத்தின் 'ஹால்' என்னும் இழுத்தற்சொல்லும் இதே பிரெஞ்சு வினையிலிருந்து போனதுதான். தமிழில் 'இழுவைப் பாதை' எனலாம். எந்திரப் படகு வருவதற்கு முன் காற்று ஒத்துழைக்காத இடத்தில் சரக்குப் படகு நகர ஒரே வழி, கரையிலிருந்து யாராவது இழுப்பது. நீரில் மிதக்கும் சுமையை இழுப்பது தரையில் இழுப்பதைவிட எளிது என்பது பழைய அறிவு. நல்ல சாலையில் ஒரு குதிரை வண்டியோடு இழுக்கும் சுமை ஏறத்தாழ ஒரு டன். அதே குதிரை தேங்கிய நீரில் ஐம்பது டன் அளவுக்கு இழுக்கும். கால்வாய் வெட்டுவதற்கான பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு விகிதத்தில் அடங்கியிருந்தது.

ஆனால் எல்லாப் படகுக்காரரிடமும் குதிரை இல்லை. குதிரைக்குத் தீவனம் வேண்டும், இலாயம் வேண்டும். அவை இல்லாதவன் தன்னையே பூட்டிக்கொண்டான். பிரெஞ்சில் இதற்கு ஒளிவுமறைவில்லாத தொடர் ஒன்று உண்டு: 'மனிதக் கழுத்தால் இழுத்தல்'. மார்பின் குறுக்கே அகன்ற தோல் அல்லது துணிப் பட்டை, அதிலிருந்து படகின் பாய்மரத்துக்குக் கயிறு. உடலை முன்னே சாய்த்து, விழுந்துவிடாமல் கயிற்றின் இழுப்பே தாங்கும் கோணத்தில் நடக்க வேண்டும். மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர். கணவன் சுக்கானைப் பிடித்திருக்க, மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் பட்டை மாட்டி இழுக்கும் காட்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளின் அஞ்சலட்டைப் படங்களில்கூடக் காணக்கிடைக்கிறது.

அந்த மார்புப் பட்டைக்குப் பெயர் பிரிகோல். லெவி-ஸ்ட்ரோஸ் 1962இல் வெளியான 'காட்டு மனம்' பற்றிய நூலில் கோட்பாட்டுச் சொல்லாக்கிய 'பிரிகோலாஜ்' இதே சொற்குடும்பம். பட்டையிலிருந்து நேராக அந்தப் பொருள் வந்துவிடவில்லை; இடையே 'அற்பப் பொருள்', 'சில்லறை வேலை' என்னும் பொருள்கள் கிளைத்தன. ஆயினும் மானிடவியல் வகுப்பறைகளில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லின் உறவுமுறையில், தோள்தேய்ந்த படகிழுப்பவரின் பட்டையும் ஒன்று என்பதை நினைவில் வைப்பதில் தவறில்லை.

ஆறுகளில் இழுப்பது ஒன்று, வெட்டிய கால்வாயில் இழுப்பது இன்னொன்று. ஆற்றங்கரை பிறர் நிலம். அங்கே இழுப்பவருக்கு இருந்தது வழிநடை உரிமை மட்டும். அதைக் காப்பதுதான் 1669 ஆணை. கால்வாயில் அப்படியல்ல. நீர்வழியும் கரையும் பாதையும் ஒரே திட்டத்தில் ஒரே உரிமையாளரின் நிலத்தில் அமைந்தன. லுவார் ஆற்றையும் சேன் ஆற்றையும் இணைத்த பிரியார் கால்வாய் இதற்கு முன்னோடி. நான்காம் ஹென்றியின் காலத்தில், 1604இல், உய்க் கோஸ்னியே என்பவரின் திட்டப்படி தொடங்கி 1642இல் முடிந்தது. ஒரு குன்றின் மேல் ஏறி மறுபுறம் இறங்கும் கால்வாய் ஐரோப்பாவில் புதுமை. இதற்கு 'லாக்' இன்றியமையாதது. இரு கதவுகளுக்கு இடையே உள்ள தொட்டியில் படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டு செல்லும் அமைப்பு அது.

பிரியாரில் கற்றதைப் பெருமளவில் செய்து காட்டியது மிடி கால்வாய். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர். இதைச் சாதித்தவர் பொறியாளரே அல்லர். பெசியேயில் பிறந்த பியேர்-போல் ரிக்கே உப்பு வரி வசூலிக்கும் குத்தகைதாரர். மக்கள் வெறுத்த வரியில் செல்வம் சேர்த்தவர். 1666இல் அரசாணை பெற்றார், அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. அவர் கண்டுபிடித்த விடை நீர் பற்றியது: கால்வாயின் உச்சிப் புள்ளியான நொரூஸ், கடல் மட்டத்துக்கு மேல் 189 மீட்டர். அங்கே ஆண்டு முழுவதும் நீர் இல்லையெனில் இருபுறமும் லாக்குகள் வெறும் கற்குழிகள். கருமலைத் தொடரின் ஓடைகளைத் திருப்பி, சேன்-ஃபெரியோல் அணையில் தேக்கி, வரப்புபோல் மலைச்சரிவைச் சுற்றி வளைந்து வரும் ஊட்டுவாய்க்கால்களால் நொரூஸுக்குக் கொண்டுவந்தார். அந்த ஊட்டுவாய்க்கால்களில் ஒன்றின் கரை இன்று நடப்போரும் சைக்கிள் ஓட்டுவோரும் விரும்பிச் செல்லும் நிழல்வழி. ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இல்லை என்று பயணிகள் வியக்கிறார்கள். நீர் தானாக ஓடும் அளவுக்கு மட்டுமே சரிவு வைத்து வெட்டியவர்களின் வேலை அது.

அவர்கள் யார் என்பதில்தான் அண்மைக்கால வரலாற்றெழுத்து நல்ல பங்களிப்பு செய்திருக்கிறது. உச்சக்கட்டத்தில் 12,000 பேர் வேலை செய்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெண்கள் கணிசம். சந்திரா முகர்ஜி 2009இல் வெளியிட்ட ஆய்வுநூலில் முன்வைத்த வாதம், ரிக்கேயின் தனிமேதை என்னும் பழைய கதையை அசைத்தது. பிரெனே மலையடிவாரத்துச் சிற்றூர்களில் ஊற்றுநீரைச் சரிவுபிடித்து வயலுக்கும் ஊருக்கும் கொண்டுவரும் நுட்பம் தலைமுறைகளாக இருந்தது. அந்த அறிவைக் கால்வாய்க்குக் கொண்டுவந்தோரில் கூலிக்கு வந்த உழவர் பெண்கள் முக்கியமானவர்கள் என்கிறார் அவர். மேல்மட்டக் கணிதத்தால் மட்டும் அந்தச் சரிவுகள் கைகூடியிரா என்பது ஏற்கத்தக்க கருத்து. கூலிக்கணக்கில் பதிவான அவர்களுக்குச் சிலை இல்லை. ரிக்கேக்குத் துலூஸிலும் பெசியேயிலும் சிலை உண்டு. அவர் 1680 அக்டோபரில் இறந்தார்; கால்வாய் திறக்கப்பட்டது 1681 மே மாதம்.

கால்வாய் ரிக்கேயின் வாரிசுகளுக்கு வழிவழிச் சொத்தாக உரிமையாக்கப்பட்டது. கரைப்பாதையில் கோதுமை, ஒயின், உப்பு ஏற்றிய படகுகளைக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இழுத்தன. பயணிகளுக்கு அஞ்சல் படகு இருந்தது. குறித்த இடங்களில் குதிரை மாற்றி, தொடக்கக் காலத்தில் நான்கு நாளில் முழுத் தொலைவையும் கடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஒன்றரை நாளாகச் சுருங்கியது. கரையோரத்து லாக் காவலர் வீடுகளின் முகப்பில் பதித்த பலகைகள், மேலே அடுத்த லாக் எத்தனை மீட்டர், கீழே எத்தனை மீட்டர் என்று சொல்லும். குதிரைக்காரனுக்கும் படகோட்டிக்கும் வேண்டியிருந்த அந்தச் செய்தியை, கைப்பேசியின் மின்கலம் தீர்ந்த சைக்கிள் பயணி இன்று நன்றியோடு படிக்கிறார்.

மிடியின் கதையில் கூலியாவது உண்டு. பிரித்தனித் தீபகற்பத்தில் நான்த் நகரையும் பிரெஸ்த் துறைமுகத்தையும் இணைக்கும் கால்வாயின் கதை இன்னும் கடுமையானது. ஆங்கிலேயக் கப்பற்படை பிரெஸ்த்தை முற்றுகையிட்டதால், கடலைத் தொடாமல் உள்நாட்டு வழியில் படைக்கலமும் உணவும் கொண்டுசெல்ல நெப்போலியன் காலத்தில் எண்ணிய திட்டம் இது. போர் முடிந்தபிறகும் வேலை நின்றுவிடவில்லை. ஏறத்தாழ 360 கிலோமீட்டர், இருநூற்றுக்கு மேற்பட்ட லாக்குகள். இதன் மிக உயர்ந்த இடமான குளோமெலில் மலைமுதுகைப் பிளந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமும் இருபது மீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள பெரும் பள்ளம் தோண்ட வேண்டியிருந்தது. 1823 முதல் 1832 வரை அதைத் தோண்டியவர்கள் தண்டனைக் கைதிகள். அவர்களை அடைத்த முகாமின் இடத்தை ஊரார் இன்றும் காட்டுகிறார்கள்.

1842இல் முழுநீளமும் படகுக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போதே அதன் படைத்துறைக் காரணம் காலாவதியாகிவிட்டது. சுண்ணாம்பு, உரம், ஓட்டுக்கல் எனச் சிற்றூர் வணிகத்துக்கு அது பயன்பட்டதும் உண்மை. பிரித்தனியின் அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு கொண்டுவந்தது சிறிய தொண்டு அல்ல. ஆனால் 1920களில் கெர்லேதான் அணை கட்டியபோது கால்வாய் நடுவில் துண்டிக்கப்பட்டது. பல லாக்குகள் நீரில் மூழ்கின. நெடுந்தொலைவுப் படகு அத்தோடு முடிந்தது. இப்போது ஐரோப்பாவின் மேற்குக் கடலோர நெடுஞ்சைக்கிள்வழி இக்கால்வாயின் கரையில்தான் நான்த்தை நோக்கி இறங்குகிறது. குளோமெல் பள்ளத்தின் ஓரம் மரங்கள் அடர்ந்து, வெயில் இறங்காத குளிர்ந்த வழியாகிவிட்டது. பயணக்குறிப்புகள் பலவற்றில் அது 'பச்சைக் குகை'. தோண்டியவர்கள் அதைப் பச்சையாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இழுப்பவர்கள் பற்றி எழுத்தில் கிடைப்பது பெரும்பாலும் கடந்துபோனவர்களின் பார்வை. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1876இல் பெல்ஜியத்திலிருந்து வட பிரான்சு வரை நீர்வழியே சிறு துடுப்புப் படகில் சென்று, 1878இல் அதை நூலாக்கினார். சரக்குப் படகுக் குடும்பத்தின் வாழ்க்கை அவருக்குப் பொறாமை தரும் ஓய்வாகத் தெரிந்தது: மெதுவாக நகரும் வீடு, புகைபோக்கி, பூந்தொட்டி. இன்றைய விடுமுறைப் பார்வையின் மூதாதை அவர் எனலாம். கயிற்றின் மறுமுனையில் நடந்தவரின் நாள் எப்படியிருந்தது என்பது அந்த இன்பத்தில் இடம்பெறவில்லை. அதற்காக ஸ்டீவன்சனைக் கடிந்துகொள்வது எளிது. அவர் அந்த வாழ்க்கையைப் பார்க்கவாவது செய்தார்.

பெர்ரி கால்வாய் இன்னொரு முகம். மற்றக் கால்வாய்களைவிடக் குறுகலான லாக்குகள், அகலம் 2.70 மீட்டர் அளவே. அதற்கேற்ற ஒல்லிப் படகுகள். நடுவே ஒரு சிறு இலாயம், அதில் ஒரு கழுதை அல்லது கோவேறு கழுதை. பகலில் கரையில் இழுக்கும், இரவில் படகில் உறங்கும். ஒரே கூரையின்கீழ் குடும்பமும் விலங்கும் பயணம் செய்த அந்த ஏற்பாட்டில், பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது எட்டாக்கனி. 1955இல் இக்கால்வாய் மூடப்பட்டது. சில ஊர்களில் அதை மண் போட்டு நிரப்பிச் சாலையாக்கினார்கள்.

பர்கண்டிக் கால்வாயின் உச்சியில் இழுவைப் பாதையே இல்லாத ஒரு துண்டும் உண்டு. பூயி-ஆன்-ஓக்ஸுவா ஊரின் அடியில் 3,333 மீட்டர் சுரங்கம். அதற்குள் கரை இல்லை. சுவரில் பொருத்திய சங்கிலியைக் கைமாற்றி இழுத்து இருட்டில் படகை நகர்த்தினார்கள். பிறகு நீராவி இழுவைப் படகு, 1893இல் நீரடியில் கிடக்கும் சங்கிலியைப் பற்றி நகரும் மின் இழுவைப் படகு. அந்தப் படகு இன்று ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் அட்டைக்குழாய்களால் அமைத்த கூரையின்கீழ் காட்சிப் பொருளாக நிற்கிறது. குதிரையும் ஆளும் மேலே குன்றைச் சுற்றி நடந்து மறுவாயிலில் படகுக்காகக் காத்திருப்பார்கள். சைக்கிள் தடமும் அவ்விடத்தில் குன்றின்மேல் ஏறித்தான் போகிறது.

இந்த உலகைக் கொன்றது எது? ரயில் என்பது பாதி விடை. மிடியில் அது மிகத் தெளிவு. பொர்தோவிலிருந்து செத் வரை ரயில்பாதை 1857இல் முழுமையடைந்தது. அடுத்த ஆண்டே அந்த ரயில் நிறுவனத்துக்குக் கால்வாய் 40 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. போட்டியாளனிடமே சாவியைக் கொடுத்த கதை. கட்டணமும் பராமரிப்பும் அவர்கள் கையில். சரக்கு தண்டவாளத்துக்கு மாறியது. 1898இல் அரசு கால்வாயை மீட்டபோது அது தளர்ந்திருந்தது. இதற்கிடையே பொதுப்பணி அமைச்சர் ஃப்ரேசினே 1879இல் கொண்டுவந்த சட்டம், நாட்டின் முதன்மை நீர்வழிகள் அனைத்திலும் 38.50 மீட்டர் நீளப் படகு செல்லும்படி லாக்குகளை ஒரே அளவாக்கியது. வடக்கும் கிழக்கும் அந்த அளவுக்கு விரிந்தன. மிடியின் பெரும்பகுதி பழைய, முட்டைவடிவ லாக்குகளோடு நின்றுவிட்டது. 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்ததற்கு, விரிவாக்கப் பணம் வராமற்போனதும் மறைமுகக் காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

மீதி விடை எந்திரம். வடக்கில் குதிரைக்கு முதலில் மின்சாரம் போட்டியாக வந்தது. கரையிலேயே தண்டவாளம் போட்டு, மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் சிறு இழுவை வண்டிகள். மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர்கள் 'மின்குதிரை', 'மின் கோவேறு கழுதை'. புதிய பொருளைப் பழைய விலங்கின் பெயரால் அழைத்துப் பழகிய பின் விலங்கு மறைந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்த வண்டிகளும் மறைந்தன. படகுக்குள்ளேயே மோட்டார் வந்தபின் கரையில் யாருக்கும் வேலை இல்லை. லொரேனில் மார்ன்–ரைன் கால்வாயின் ஆர்ஸ்வில்லெர் பகுதியில் 17 லாக்குகளைக் கடக்க ஏறத்தாழ ஒரு பகல் தேவைப்பட்டது. 1969இல் படகைத் தொட்டியோடு மலைச்சரிவில் ஏற்றி இறக்கும் சாய்தள எந்திரம் அந்த வேலையைச் சில நிமிடமாக்கியது. கைவிடப்பட்ட 17 லாக்குகளும் பள்ளத்தாக்கில் வரிசையாகக் கிடக்க, அவற்றின் ஓரமாக இப்போது சைக்கிள் தடம் போகிறது. லாக் காவலர்களின் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன.

சைக்கிள் இக்கரைக்குப் புதிதாக வந்த விருந்தாளி அன்று. தொழிலாளர் கையில் அது நீண்டகாலம் கருவியாக இருந்தது. மோட்டார் படகுக் குடும்பத்தில் ஒருவர் முன்னே சைக்கிளில் போய் அடுத்த லாக்கை ஆயத்தம் செய்யச் சொல்வார். போக்குவரத்துக் குறைந்த கால்வாய்களில் ஒரே காவலர் பல லாக்குகளைப் பார்த்துக்கொள்ள, படகோடு சேர்ந்து வண்டியில் நகர்ந்தார். ஜார்ஜ் சிமெனோன் 1928இல் சிறு படகில் பிரான்சின் கால்வாய்களைச் சுற்றியவர். 1931இல் வெளியான, 'பிராவிடன்ஸ்' என்னும் குதிரை இழுக்கும் படகைப் பற்றிய துப்பறியும் நாவலில், மேக்ரே ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு லாக்குக்கு லாக் அந்தப் படகைத் துரத்துகிறார். மோட்டார் படகும் குதிரைப் படகும் ஒரே கால்வாயில் முந்திக்கொள்ளும் அந்த இடைக்காலத்துக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது.

பொழுதுபோக்குக்காக ஓட்டுவோர் நிலை வேறு. இழுவைப் பாதை நீர்வழித் துறையின் பணியிடம். வண்டிகள் அங்கே அனுமதியின்றி ஓடக் கூடாது என்பதே நெடுங்கால விதி. சைக்கிள் ஓட்டிகளும் மீன்பிடிப்போரும் கண்டும் காணாமல் விடப்பட்டார்கள். 1991இல் அமைந்த நீர்வழி நிறுவனமும் உள்ளூர் ஆட்சிகளும் ஒப்பந்தம் போட்டு, ஒரே நிலத்துக்கு இரண்டு பயன்களை அடுக்கிவைக்கும் சட்ட ஏற்பாட்டால்தான் பெரும்பாலான தடங்கள் முறைப்படி திறந்தன. பர்கண்டியில் ழீவ்ரி–குளுனி பழைய ரயில்பாதையில் 1997இல் திறந்த வழி இதற்கு ஊக்கமளித்தது. 2004இல் சாலை விதித்தொகுப்பு 'பசுவழி' என்று மயங்கிப் படிக்கத்தக்க 'பசும்வழி' என்னும் வகையை ஏற்றுக்கொண்டது: மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்போர், குதிரையேறுவோர் ஆகியோருக்கு மட்டுமான பாதை. குதிரை இவ்வாறு சட்டத்தின் வழியாக மீண்டும் கரைக்கு வந்தது, இம்முறை முதுகில் ஆளோடு.

இப்போதைய தகராறு தரைப்பரப்பைப் பற்றியது. துலூஸிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மிடியின் கரைக்குத் தார் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கிழக்கே நெடுந்தொலைவு மண்ணும் சரளையும் மரவேரும். தார் வந்தால் சக்கர நாற்காலியும் குழந்தைவண்டியும் வேலைக்குப் போகிறவரின் சைக்கிளும் மழைநாளில்கூடப் போகலாம். சரளைக்கென்றே வண்டி வாங்கியவர்களுக்கு அது பிடிப்பதில்லை. பழமைச் சுவையைக் காக்க வேண்டும் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. அது வலுவற்றது. குளம்பு தோண்டிய இடத்தில் கல்லைக் கொட்டி இறுக்கி, ஆண்டுதோறும் செப்பனிட்ட வேலைத்தரை இது. மழைநீர் இறங்கும், வேருக்கு மூச்சு கிடைக்கும் என்னும் வாதத்துக்கு வலு அதிகம். குறிப்பாக மிடியில்.

அங்கே கரையைப் பிடித்து நிற்பவை பிளேன் மரங்கள். ஏறத்தாழ 42,000, பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் நட்டவை. 2006இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு தென் பிரான்சுக்கு வந்ததாகக் கருதப்படும் நோய் அது. நீர்வழி பரவும், படகின் உராய்வில் வேருக்குத் தொற்றும், மருந்து இல்லை. பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்தாயிற்று. வேறு இனங்களை நட்டுவருகிறார்கள். அவை நிழல் தர இன்னும் பல ஆண்டு ஆகும். அதுவரை லாங்தோக் வெயிலில் வெட்டவெளிக் கரையில் ஓட்டுபவர்கள், நிழல் என்பதும் யாரோ திட்டமிட்டு நட்டது என்பதை உடலால் அறிகிறார்கள்.

கரைக்கு உரிமை கோரும் சச்சரவும் ஓயவில்லை. ஆற்றோரத்தில் மாளிகையும் தோட்டமும் உள்ளவர்கள் 3.25 மீட்டருக்குள் வேலி நீட்டுவதும், நடப்போர் சங்கங்கள் வழக்குத் தொடுப்பதும் பிரெஞ்சு நீதிமன்றங்களில் வழக்கமான செய்தி. 2006 டிசம்பரில் வந்த நீர்ச்சட்டம், அதுவரை நீர்வழி ஊழியருக்கும் மீன்பிடிப்போருக்கும் இருந்த அந்தப் பத்தடி உரிமையை நடப்போருக்கும் விரித்தது. அந்தப் பட்டியலில் சைக்கிள் ஓட்டி இல்லை. அவர் ஓட்டுவது ஒப்பந்தத்தின் பேரில். பலகையில் அனுமதி எழுதியுள்ள துண்டுகளில் மட்டும்.